பாலாற்றோடு கடலுக்கு

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் ஊர்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தே வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். ஷூ கம்பெனியில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைத்தால் ஏலகிரி, மூன்று நாள் கிடைத்தால் மகாபலிபுரம், பாண்டிச்சேரி. கடற்கரைக் கோயில் முன்னால் ஒரு படம், பாண்டியின் மஞ்சள் சுவர் முன்னால் ஒரு படம், அலையில் கால் நனைத்தல், வறுத்த மீன், வீடு திரும்பல். இதில் பழுது ஒன்றும் இல்லை. உழைத்தவர்கள் ஓய்வெடுக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கடற்கரையை வெறும் அழகான இடமாகப் பார்த்துவிட்டு வருவது ஓர் இழப்பு. வேலூர், ஆம்பூர்க்காரர்களுக்கு அது கூடுதல் இழப்பு. ஆற்காட்டு நவாப் யார், ஆம்பூர்க் கோட்டை எவர் கையில், வேலூர்க் கோட்டையில் யார் கொடி என்ற கேள்விகள் எதுவும் 18ஆம் நூற்றாண்டில் கடலைக் கேட்காமல் தீரவில்லை. தங்கள் ஊர்ச் சரித்திரத்தின் பாதி, சதுரங்கப்பட்டினத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே இருக்கும் அந்த நீர்ப்பரப்பில் நடந்தது என்று தெரிந்துகொண்டு கிளம்பும் தம்பதிக்கு அதே மூன்று நாளில் கிடைப்பது மிக அதிகம்.

ஆம்பூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் முதல் பதிலைப் பாலாறே சொல்லும். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று இந்தத் தொழில் ஊர்களை ஒட்டியே வரும் ஆறு அது. தோல் ஷாப்புகளின் கழிவை அதில் விட்டதைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் இன்று பாடம். அந்த ஆறு காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரங்களைக் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் கலக்கிறது. கலக்கும் இடத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இருப்பது சதுரங்கப்பட்டினம். வெள்ளைக்காரர்கள் வாயில் நுழையாமல் ‘சத்ராஸ்’ ஆன ஊர். டச்சுக்காரர்கள் துணி வாங்கி ஏற்றிய அந்த ஊரில் அவர்களுடைய செங்கற் கோட்டை இன்னமும் நிற்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் அந்தக் கோட்டைக்குள் எழுத்தும் சித்திரமும் செதுக்கிய டச்சுக் கல்லறைகளைப் பார்க்கலாம். வேலூரிலிருந்து ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் 150 கிலோமீட்டருக்குள் முடியும் பயணம். மகாபலிபுரம் வரை வந்த பெரும்பாலோர் இன்னும் சிறிது தூரம் தெற்கே வந்து இதைப் பார்ப்பதில்லை.

அந்த ஊருக்கு எதிரே, கடலில், 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பற்படையும் எட்வர்ட் ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படையும் மோதின. கப்பல்கள் அடிபட்டன, மாலுமிகள் செத்தார்கள், ஆனால் தெளிவான வெற்றி எவருக்கும் இல்லை. பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூடப் பெறாத சண்டை. அதே மாதம் உள்நாட்டில் என்ன நிலவரம் என்று சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். மைசூரின் ஹைதர் அலி 1780இல் மலை இறங்கி வந்து ஆற்காட்டைப் பிடித்திருந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஆம்பூரும் அவரிடம் விழுந்தது. வேலூர்க் கோட்டை மட்டும் முற்றுகைக்குள் பட்டினியோடு தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது. 1782 ஜனவரியில்தான் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை அதற்கு மறுபடியும் அரிசி மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்படிப்பட்ட நேரத்தில் சஃப்ரனின் கப்பல்கள் சுமந்து வந்தது பீரங்கிகளை மட்டும் அல்ல. ஹைதருக்குத் துணையாக இறக்கவேண்டிய பிரெஞ்சுப் பட்டாளத்தையும்தான். சத்ராஸ் சண்டை முடிந்ததும் அந்தப் பட்டாளம் பரங்கிப்பேட்டையில் இறங்கியது. ஏப்ரலில் கடலூர் அவர்கள் வசமானது. பாலாற்றங்கரையில் ஒரு கோட்டை பட்டினி கிடக்க, அதற்கு எதிரான துணைப்படை ஆற்றின் வாய்க்கு எதிரே கடலில் வந்து நின்றது. இரண்டும் ஒரே போர்.

இதைவிட அழுத்தமான சான்று அதற்கு ஓர் ஆண்டு முந்தையது. 1781 தொடக்கத்தில் கூட்டின் படை கடலூரில் சிக்கிக்கொண்டது. தரைப்பக்கம் ஹைதரின் குதிரைப்படை சுற்றி நின்றது. சோறு வரவேண்டுமானால் சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும். அந்தக் கடலில் தோர்வ் என்னும் பிரெஞ்சுத் தளபதியின் கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. அவர் இன்னும் சில வாரம் அங்கேயே நின்றிருந்தால் தென்னாட்டில் ஆங்கிலேயருக்கு இருந்த ஒரே பெரிய படை பசியால் அழிந்திருக்கும். ஹைதர் அவரை நிற்கச் சொல்லி மன்றாடினார். தோர்வ் கேட்கவில்லை, பிப்ரவரியில் பாய் விரித்து மொரீஷியஸ் தீவுக்குப் போய்விட்டார். கடல்வழி திறந்தது, அரிசி வந்தது, ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் கூட் ஹைதரை வென்றார்; செப்டம்பரில் சோளிங்கரில் இன்னொரு வெற்றி; அதன் பிறகுதான் வேலூருக்குத் தானியம் போனது. வேலூர்க் கோட்டை விழாமல் நின்றதற்கு அகழியும் கருங்கல் மதிலும் காரணம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் கடலூருக்கு எதிரே ஒரு கப்பற்படை காலிசெய்து போனதும் அதே அளவுக்குக் காரணம்.

கடலுக்கு ஏன் இவ்வளவு அதிகாரம் வந்தது என்பதைப் பயணம் போகிறவர்கள் கண்ணாலேயே பார்க்க முடியும். சத்ராஸிலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ நின்று இடமும் வலமும் பாருங்கள். விரிகுடா கிடையாது, ஒதுங்க மறைவு கிடையாது, நேர்கோடாக மணல். பெரிய கப்பல் கரையை அண்ட முடியாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் இறங்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலையைக் கிழித்துக்கொண்டு போய்வரவேண்டும். அந்தத் துடுப்பைப் பிடித்த கைகள் இந்தக் கரையின் மீனவர்களுடையவை. கோட்டை எவ்வளவு பலமாக இருந்தாலும் அந்தப் படகுகள் மறுத்தால் அது தீவு. இதோடு பருவக்காற்று சேர்ந்துகொண்டது. அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவம் எழுந்துவிட்டால் திறந்த கரையில் கப்பல் நிற்பது தற்கொலை. ஆங்கிலேயர் பம்பாய்க்கும், பிரெஞ்சுக்காரர் மொரீஷியஸுக்கும் ஓடினார்கள். இந்தக் கிழக்குப் பக்கத்தில் எல்லாப் பருவத்திலும் பத்திரமாக ஒதுங்க இருந்த ஒரே பெரிய துறை இலங்கையின் திருகோணமலை. அதனால்தான் 1782இல் மட்டும் அது இரண்டு முறை கை மாறியது. யார் முன்னால் திரும்பி வருகிறார்கள், யார் ஒரு மாதம் அதிகம் தங்குகிறார்கள் என்பதே உள்நாட்டில் எந்தக் கோட்டைக்கு முற்றுகை, எதற்கு விடுதலை என்பதைத் தீர்மானித்தது.

ஆம்பூர் போரையே எடுத்துக்கொள்வோம். 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூருக்கு அருகே கணவாய்ப் பக்கத்தில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் களத்திலேயே கொல்லப்பட்டார். ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், ஹைதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங், அவர்களுக்குத் துணையாகப் பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப்படை ஆகிய மூவர் கூட்டு அவரை வீழ்த்தியது. நவாபின் மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பி ஓட, கர்நாடகப் போர்களின் நீண்ட இரண்டாம் அத்தியாயம் இங்கே திறந்தது. நவாபுக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பகை எங்கே ஆரம்பித்தது? 1746 ஜூலையில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கு எதிரே ஆங்கிலக் கப்பல்களைச் சந்தித்து, அவற்றைக் கரையை விட்டு விலகவைத்தன. காவல் இழந்த சென்னை செப்டம்பரில் பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தது. அதைத் தனக்குத் தரவேண்டும் என்று கேட்ட நவாப், மகன் மாபூஸ் கானைப் படையோடு அனுப்பினார். அக்டோபரில் அடையாற்றங்கரையில், சிறு எண்ணிக்கையிலான பிரெஞ்சு, சிப்பாய்ப் படை அந்தப் பெரிய சேனையைச் சிதறடித்தது. அதே மாதம் அடித்த புயல் லா பூர்தொனேயின் கப்பல்களை உடைத்தது. அவற்றில் வந்த ஐரோப்பிய வீரர்களில் பலர் ஊர் திரும்பாமல் பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்தார்கள். அப்படிப் பெருத்த படையும், நவாப் சேனையை அடிக்க முடியும் என்று அடையாற்றில் பிறந்த துணிச்சலும் மூன்று ஆண்டில் ஆம்பூருக்கு வந்து சேர்ந்தன.

ஆம்பூரின் விளைவு மறுபடி கடற்கரைக்கே திரும்பிப் போனதையும் பார்க்கலாம். சத்ராஸிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் தெற்கே போனால் கடப்பாக்கம் வரும். அங்கே உப்பங்கழியின் ஓரத்தில் ஆலம்பரைக் கோட்டை சிதைந்து கிடக்கிறது. நவாபுகளின் காலத்துத் துறைமுகக் கோட்டை. நாணயம் அடித்த இடமும்கூட. 1750இல் முசாபர் ஜங் அதை டூப்ளேக்கு வெகுமதியாகக் கொடுத்தார். ஆம்பூர்க் களத்தில் பெற்ற உதவிக்கு நன்றிக்கடன்களில் அதுவும் ஒன்று. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இன்றைக்குத் திருமணப் படப்பிடிப்புக்காரர்கள் விரும்பிப் போகும் அந்த இடிந்த சுவர்களை, ஆம்பூரிலிருந்து வரும் தம்பதி தங்கள் ஊர்ச் சண்டைக்குக் கொடுத்த கூலியாகப் பார்க்கலாம். படமும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

பாண்டிச்சேரிக்கு வந்தால் வாதம் இன்னும் தெளிவாகிறது. 1758 ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி லாலி பெரும் படையோடு வந்து இறங்கினார். அவரைக் கொண்டுவந்த தாஷேயின் கப்பல்களுக்கும் போகாக்கின் ஆங்கிலக் கப்பல்களுக்கும் கடலூருக்கு எதிரே ஒரு சண்டை, ஆகஸ்டில் நாகப்பட்டினத்துக்கு எதிரே ஒரு சண்டை. இடையில் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை லாலி பிடித்துத் தரைமட்டமாக்கினார். டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் அடிவானில் தெரிந்தன; முற்றுகை கலைந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று மூன்றாவது கடற்சண்டை. அதற்குப் பிறகு தாஷே பாய் விரித்துப் போனவர் போனவர்தான், இந்தக் கரைக்குத் திரும்பவே இல்லை. நான்கு மாதம் கழித்து, 1760 ஜனவரி 22 அன்று, வந்தவாசியில் லாலி தோற்றார். அடுத்த ஓராண்டில் பாண்டிச்சேரி தரையிலும் கடலிலும் வளைக்கப்பட்டு, நாய் பூனையைத் தின்னும் நிலைக்கு வந்து, 1761 ஜனவரியில் சரணடைந்தது. ஆங்கிலேயர் ஊரை இடித்துப் போட்டார்கள். 1765இல் திரும்பக் கிடைத்த பிறகுதான் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டினார்கள். சுற்றுலா வருகிறவர்கள் ‘பழைய பிரெஞ்சு ஊர்’ என்று படம் எடுக்கும் தெருக்கள் அந்தத் தோல்விக்குப் பிந்தையவை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வந்தவாசியில் சண்டை போட்டது கப்பல் அல்லவே. கூட் திறமையான தளபதி, லாலி யாரோடும் ஒத்துப்போகாத ஆள், பிரெஞ்சுக் கஜானா காலி, சம்பளம் கிடைக்காத வீரர்கள் கலகம் செய்தார்கள், ஆங்கிலேயருக்கோ பிளாசிக்குப் பிறகு வங்காளத்துப் பணம் இருந்தது. ஆகவே நிலமும் பணமும்தானே தீர்த்தன? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. படைத்தலைவர்களின் குணத்தையும் கடலின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் அந்த வங்காளப் பணமும் ஆளும் சென்னைக்குக் கடல்வழியாகத்தான் வந்தன. பிரெஞ்சுக் கஜானா காலியானதும் கப்பல் வராததால்தான். கடல் கையில் இருந்தவனுக்குத் தோல்வியைத் தாங்கிக்கொள்ள வசதி இருந்தது. இல்லாதவனுக்கு ஒரு தோல்வியே முடிவாயிற்று. செருப்பைப் பார்க்கிறவர் மேல்தோலின் மினுக்கத்தைப் பேசுவார், நடக்கிறவரைத் தாங்குவது அடித்தோல். வந்தவாசி மேல்தோல்.

இன்னும் கூர்மையான மறுப்பு சஃப்ரனைக் காட்டும். 1782 பிப்ரவரியிலிருந்து 1783 ஜூன் வரை அவரும் ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள்: சத்ராஸ், பிறகு இலங்கைக் கரையில் புரொவிதியன், நாகப்பட்டினம், திருகோணமலை, கடைசியாகக் கடலூர். பெரும்பாலும் மேல்கை சஃப்ரனுக்கே. பிறகு ஏன் ஆங்கிலேயர் தமிழ்நாட்டை விட்டுப் போகவில்லை? பதில், சஃப்ரனால் எதிரியைத் தடுமாறவைக்க முடிந்தது, துரத்த முடியவில்லை என்பது. கடல் யாருக்கும் முழுதாகச் சொந்தமாகவில்லை. அதனால் நிலமும் ஆகவில்லை. நடுவில் 1782 டிசம்பரில் ஹைதர், சித்தூருக்குப் பக்கத்து முகாமில் நோயால் இறந்தார். 1784இல் மங்களூரில் ஹைதரின் மகன் திப்புவும் ஆங்கிலேயரும் செய்த உடன்படிக்கை, பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுப்பது என்றுதான் முடிந்தது. கடலில் சரிக்குச் சரி, கரையிலும் சரிக்குச் சரி. இந்தக் காலத்தில் கடலூரைக் காத்து நின்ற பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. 1749இல் ஆம்பூரில் பாய்ந்து பேர் வாங்கிய அதே இளைஞர், மறு ஆண்டு செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர், வந்தவாசியில் சிறைப்பட்டவர், இப்போது முதுமையில் கடலூரில். ஆங்கிலப்படை கடலூரைச் சுற்றி வளைத்திருந்தபோது ஜூன் 20 அன்று சஃப்ரன் வந்து ஹியூஸை விலக்கிக் கடல்பக்கத்தைத் திறந்தார். சில நாளில் ஐரோப்பாவில் ஏற்கெனவே சமாதானம் ஆகிவிட்ட செய்தி வந்து சேர்ந்தது. அத்தனை பேர் செத்தது வீண். புஸ்ஸி 1785இல் பாண்டிச்சேரியிலேயே இறந்தார். அவர் பேர் தெருவுக்கும் தொகுதிக்கும் ஆகி, கடைசியில் நம் கால அரசியல்வாதி ஒருவரின் அடைமொழியாகவும் ஆனது. அந்தப் பேர் ஆம்பூரில் வாங்கிய பேர் என்பது ஆம்பூரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன் பிறகு வேலூர்க் கோட்டைக்குள் வந்து அடைபட்டவர்களைப் பார்த்தாலும் கடல் தெரியும். 1798 ஆகஸ்டில் நெல்சன் நைல் நதிமுகத்தில் பிரெஞ்சுக் கப்பற்படையை அழித்தார். எகிப்தில் நின்ற நெப்போலியனிடமிருந்து திப்புவுக்கு உதவி வரும் என்ற நம்பிக்கை அங்கேயே போயிற்று. மறு ஆண்டு திப்புவின் தலைநகர் சீரங்கப்பட்டணம் விழுந்து, அவருடைய பிள்ளைகளும் குடும்பமும் வேலூர்க் கோட்டைக்கு வந்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு இளவரசர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இலங்கையின் கரைப்பகுதியை டச்சுக்காரரிடமிருந்து கப்பற்படை வலுவால் பிடித்த ஆங்கிலேயர், 1815இல் கண்டியையும் பிடித்தார்கள். அதன் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மறு ஆண்டு கப்பலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு வேலூரில் வைக்கப்பட்டார். 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவருடைய நினைவிடம். கடற்கரைப் பயணத்தை வேலூர்க் கோட்டையிலும் முத்து மண்டபத்திலும் ஆரம்பிப்பது பொருத்தம் என்று சொல்வது இதனால்தான்.

வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதை நாம் ஏன் கொண்டாடவேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. கொண்டாடவேண்டாம். தெரிந்துகொள்வது வேறு, கொண்டாடுவது வேறு. அந்தக் கப்பல்களுக்குச் சோறும் தண்ணீரும் ஆளும் கொண்டுசேர்த்தவர்கள் நம்மவர்கள். அவற்றின் வரவால் வயல் எரிந்ததும் நம்மவர்களுக்கே. கப்பல் வரவைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எழுதிவைத்தவரும் ஒரு தமிழர்தான்: டூப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 தொடங்கிக் கால் நூற்றாண்டு அவர் எழுதிய நாட்குறிப்பில் எந்தக் கப்பல் வந்தது, என்ன கொண்டுவந்தது, ஊரில் என்ன பேச்சு என்பதெல்லாம் உண்டு. அவருடைய மாளிகை பாண்டிச்சேரியில் இன்றும் இருக்கிறது. ‘நம் கடல் வரலாறு’ வேண்டும் என்பவர்கள் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி நாகப்பட்டினம் வரை போகலாம்; 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரம் வரை போன காலத்தின் துறைமுகம் அது. வழியில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரரின் 1620ஆம் ஆண்டுக் கோட்டை இருக்கிறது. அழகு உண்டு, ஆனால் நம் வாதத்துக்கு அதில் பெரிய வேலை இல்லை.

நவாபும் ஹைதரும் போன பிறகு கடலோடு இருந்த இந்தப் பிணைப்பு அறுந்துவிட்டதா என்றால், இல்லை. தோல் வந்து அதை இறுக்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து எங்கே திறக்கப்பட்டது? ஆற்காட்டுப் பக்கம், வாலாஜா ரோடுக்கு. கடலையும் இந்த வட்டாரத்தையும் இணைத்துத்தான் அந்தத் தண்டவாளம் கிடந்தது. ஆவாரம் பட்டையில் பதம் செய்த அரைப்பதத் தோல் இங்கிருந்து பெரியமேட்டு மண்டிகளுக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் போனது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுப் பற்றவைத்துவிட்டுப் போனபோது பட்டணத்து மக்கள் ஊரைக் காலிசெய்து ஓடியது பிரசித்தம். அந்த முதல் உலகப் போரின் நடுவில் ராணுவ பூட்ஸுக்காகத் தென்னிந்திய அரைப்பதத் தோலை பிரிட்டிஷ் அரசே வாங்கிக்கொள்ள ஆரம்பித்தது. நம் காலத்தில், 2023 கடைசியில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டதும் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. ஆம்பூர், ராணிப்பேட்டை காலணி ஏற்றுமதிக்கும் கூடுதல் நாட்களும் கூடுதல் கட்டணமும் ஆயின. இந்தியக் கடற்படைக் கப்பல்கள் அந்தப் பக்கம் காவலுக்குப் போயின. தோலைத் தைக்கும் கை உள்நாட்டில் இருந்தாலும், அதற்கு வரும் காசு கடலின் பத்திரத்தை நம்பித்தான் இருக்கிறது.

கடைசி மறுப்பு மிகவும் மனிதத்தனமானது: வாரம் ஆறு நாள் மெஷின் முன்னால் உட்காரும் இருவர், கிடைத்த மூன்று நாளில் சண்டைத் தேதிகளை மனப்பாடம் செய்யவேண்டுமா? அதுவும் கடற்சண்டைக்குப் பார்ப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது, வெறும் தண்ணீர்தானே? தேதி எதுவும் வேண்டாம். போகும் வரிசையை மாற்றினால் போதும். எல்லாரும் சென்னை வழியாக ஈசிஆரில் ஏறுகிறார்கள். நீங்கள் பாலாற்றின் ஓரமாக இறங்குங்கள். முதல் நாள் காலை வேலூர்க் கோட்டை, ஆற்காட்டில் டெல்லி கேட், மாலையில் சத்ராஸ். இரவு மகாபலிபுரத்திலோ கல்பாக்கத்துப் பக்கத்திலோ தங்கலாம். இரண்டாம் நாள் ஆலம்பரை, மரக்காணத்து உப்பளங்கள், பாண்டிச்சேரி. மூன்றாம் நாள் காலையில் கடலூர். தேவனாம்பட்டினத்தில் கோட்டையின் மிச்சம் கொஞ்சம்தான். ஆனால் பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்ற ஊர் இருக்கிறது. 1690இல் ஆங்கிலக் கும்பினியார் அந்தக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கும்போது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் தங்களுக்கு என்று பேசி முடித்து, சுட்டு எல்லை வகுத்தார்கள். அப்படி அகப்பட்ட ஊர்களில் ஒன்று. திரும்பும்போது திண்டிவனம், வந்தவாசி, ஆற்காடு. கூட்டின் படை நடந்த தேசத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து வரலாம். அலையும் மீனும் படமும் எதுவும் குறையாது.

குறை இருப்பது வேறு இடத்தில். இந்த இடங்களைத் தனித்தனியாகத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். வேலூரில் கோட்டை, பாண்டியில் பிரெஞ்சுத் தெரு, கடலூரில் வெள்ளி கடற்கரை என்று துண்டு துண்டாக இருப்பதை ஒரே கோட்டில் கோத்துச் சொல்லும் ஒரு பலகை, ஒரு சிறு கையேடு, வேலூரிலிருந்து புறப்படும் ஒரு சுற்றுலாப் பேருந்து: இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. சுற்றுலாத் துறை செய்யலாம். ஆண்டுதோறும் தொழிலாளர்களைச் சுற்றுலா கூட்டிப்போகும் கம்பெனிகளும் செய்யலாம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மட்டும் வேண்டாம். கப்பற்படைகளையே விரட்டிய காற்று அப்போதுதான் வீசும். பொங்கல் லீவில் கிளம்புங்கள். போகும்போது பாலாற்று வழி, திரும்பும்போது வந்தவாசி வழி.